பிரேக் தட்டில் தடவிய எண்ணெய்

இன்று காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அலோர் காஜாவிலிருந்து ஒருவர் தன் மின்சார பைக்கை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "பிரேக் கத்துதுண்ணே, பிடிக்கவும் மாட்டேங்குது. நேத்து காலையிலகூட நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். நேற்று ஆயுத பூஜை. ஹேண்டிலில் செவ்வந்தி மாலை இன்னும் வாடாமல் தொங்கியது, பேட்டரிப் பெட்டியில் மூன்று பட்டையாக விபூதி. நான் உட்கார்ந்து முன்சக்கரத்து டிஸ்க்கின் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். தேங்காய் எண்ணெய். சூடேறிக் கருகிய தேங்காய் எண்ணெய்.

உடனே நீ வந்து நின்றுவிட்டாய். செத்து நான்கு மாதமாகியும் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டாயா, சனியனே?

வந்த மனிதரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். "டிஸ்க்ல எண்ணெய் வெச்சா பிரேக் எங்க பிடிக்கும்? தலையில வெக்கிற எண்ணெய்யைக் கொண்டுபோய்த் தட்டுல தடவியிருக்கீங்களே, அறிவு வேணாம்?" அவர் பயந்துபோய், "நான் இல்லண்ணே, அப்பா. சாமி முன்னால வெக்கிற இரும்பு காஞ்சு கெடக்கக் கூடாதாம்" என்றார். தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடுகளைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன். எண்ணெய் குடித்த பேடைக் கழுவி மீட்க முடியாது, புதிதுதான் போட வேண்டும். தட்டை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும். மூன்று வருடத்துக்கு முன்பு உனக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பிள்ளை, உனக்கு நினைவு மலர் போடப்போகிறதாம். "அண்ணே, நீங்கதான் அவருக்கு ரொம்ப நெருக்கம், ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்று போன வாரம் வந்து கேட்டுவிட்டுப் போனது. அந்தப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்று அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். இது உனக்கு மட்டும். இதில் அன்பெல்லாம் எதிர்பார்க்காதே.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். சிரித்த முகமாம், தங்கமான மனசாம், யாரையும் நோகடித்ததே இல்லையாம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்திலும் அதே இளிப்பு. என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு வடையைச் சாப்பிட்டு வந்தேன்.

நீயும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்தோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை இடித்து, எல்லாரும் ஜாசின் டவுன் பக்கம் வந்த பிறகும் நாம் பிரியவில்லை. நான் மோட்டர் பட்டறையில் இருபது வருடம் கறுப்பெண்ணெயில் ஊறினேன். நீ தொழிற்சாலையில் வயரிங் வேலை பார்த்தாய். பேட்டரி பைக்குகள் ஊருக்குள் வர ஆரம்பித்ததும் நீதான் ஓடி வந்தாய். "டேய், வயரு எனக்குத் தெரியும், போல்ட்டு உனக்குத் தெரியும். வாடா, சேந்து கடை போடலாம்" என்றாய். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கதவுக் கடை கிடைத்தது. அன்று உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் கையையே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இஞ்சின் இல்ல, எண்ணெய் மாத்தற வேலையும் இல்ல. அப்புறம் இதுக்கு எதுக்கு சர்வீஸ்?" எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வரும். டயர் காற்று, கம்பிகளின் இறுக்கம், பேடின் கனம், பிரேக்கைத் தொட்டதும் மோட்டார் நிற்கிறதா, மழையில் பேட்டரியின் இணைப்பு முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று நான் அடுக்க ஆரம்பிப்பேன். நீ குறுக்கே பாய்வாய். "அக்கா, உங்களுக்கும்தான் இஞ்சின் இல்ல. கிளினிக் போய் பிரஷர் பாக்கறீங்களா இல்லியா? அதே மாதிரிதான்லா இதுவும்." அவர்கள் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்வது சரி, நீ சொல்வது சிரிப்பு. ஊருக்கு உன்னைத்தான் பிடித்தது.

சர்வீஸ் அட்டையை நான்தான் எழுதி அச்சடித்தேன். இருபத்திரண்டு வரி. ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட்டு, கடைசியில் என் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா வண்டிக்கும். நீ அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போற வீட்லகூட இத்தன கேள்வி கேக்க மாட்டாங்கடா" என்றாய். காற்று பார்க்கும் கேஜை நீ கையால் தொட்டதே கிடையாது. டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு, "கல்லு மாதிரி இருக்கு, போ" என்பாய். உனக்குத் தெரியாமல் நீ அமுக்கிய டயரை எல்லாம் நான் மறுபடி கேஜ் வைத்துப் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் தப்பு. இதை நீ இருக்கும்போதே உன் மூஞ்சிக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

பவளம் அக்காவை நினைத்துப் பார்க்கிறாயா? அங்கே உனக்கு நினைவெல்லாம் இருக்கிறதோ என்னவோ. ஜாசின் காலைச் சந்தையில், பாசாரில், அப்பம் சுட்டவர். நான்கு அடுப்பு, நான்கு சட்டி, வலது மணிக்கட்டால் ஒரு சுழற்று, மாவு விளிம்பு வரைக்கும் போய் நிற்கும். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, யாரிடமும் கை நீட்டாத பெண். மாவு வாளியை வைத்துக் கட்டுவதற்காகவே பின்னால் பெரிய கேரியர் உள்ள மின்சார பைக்கை நம்மிடம்தான் தேர்ந்தெடுத்தார். மூன்று மாதம் முடிந்தால் நான் சொல்லாமலே சர்வீசுக்குக் கொண்டுவருகிற ஒரே ஆள் அவர். அட்டையை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் பர்சுக்குள் வைப்பார். அதனாலேயே எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அந்த ஆயுத பூஜை அன்று காலையில் அவர் வண்டியை நான் பார்த்தேன். இருபத்திரண்டு வரியும் பார்த்தேன். பிரேக் தட்டு சுத்தமாக இருந்தது, பேட் பாதிக்கு மேல் கனம் இருந்தது, பத்து அடி ஓட்டி முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். நின்ற இடத்தில் நின்றது. 'பிரேக் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காலையில் அந்த வண்டி சரியாக இருந்தது. இதை எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

மத்தியானத்துக்கு மேல் பொரியும் எலுமிச்சம்பழமும் வாங்க நான் பாசாருக்குப் போனேன். அந்த ஒரு மணி நேரம் உனக்குப் போதுமாக இருந்தது. ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பிப் பொட்டு வைத்தாய். மல்டிமீட்டரின் திரைமேலேயே குங்குமத்தை அப்பி வைத்திருந்தாய், எண்கள் தெரியவில்லை. அப்புறம் உன் தலைக்குத் தடவுகிற அந்த நீல மூடி பாட்டிலை எடுத்து, பழைய துணியில் ஊற்றி, வாசலில் நின்ற பைக்குகளின் இரும்பை எல்லாம் துடைத்தாய். டிஸ்க் பிரேக் வண்டி அன்று இரண்டே இரண்டுதான். ஒன்று உன்னுடையது, மற்றது அக்காவுடையது.

சாயங்காலம் அக்கா வந்தார். சூடம் காட்டினாய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாய். "அக்கா, பூஜை போட்ட வண்டி, மொதல்ல நீங்கதான் ஏறணும். வேற யாரும் ஓட்டக் கூடாது" என்று பெரிய குருக்கள் மாதிரி சொன்னாய். அவர் பழத்தை நசுக்கிக்கொண்டு போனார். மறுநாள் விடியற்காலை, மாவு வாளியோடு தோட்டத்துச் சாலையின் சரிவில் இறங்கியபோது பிரேக் பிடிக்கவில்லை. சந்திப்பில் லாரி நின்றது. லாரியில் மோதாமல் ஒடித்ததில் சாலையோரச் சாக்கடையான லோங்காங்கில் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்துத் திருகினார்கள். கை திரும்பி வந்தது, ஆனால் அந்தச் சுழற்று திரும்பவில்லை. அப்பக் கடை அதோடு முடிந்தது.

வண்டியை லாரியில் போட்டு நம் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் தட்டைத் தொட்டேன், விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன். திரும்பினால் நீ பின்னால் நிற்கிறாய், முகத்தில் ரத்தமே இல்லை. "பளபளன்னு இருக்கட்டும்னுதான்டா தொடச்சேன். சாமிக்கு வெச்ச எண்ணெய்டா அது, கெடுதல் வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றாய். உன் சட்டையைப் பிடித்தேன். பிடித்த கையை நீ தட்டிவிடவில்லை. "நானே போய் அக்காகிட்ட சொல்றேன். நான் செஞ்சது, நான்தான் சொல்லணும். நீ வாயத் தெறக்காதே" என்று கும்பிட்டாய். நானும் முட்டாள்போல் விட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது உன் பண்டிகைக் கணக்கு. எப்போடா சொல்லப்போகிறாய் என்று கேட்டால், தீபாவளி போகட்டும் என்றாய். தீபாவளி போனது. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு, பொங்கல் முடியட்டும் என்றாய். பொங்கல் போய்த் தைப்பூசம், தைப்பூசம் போய்ச் சித்திரை. நான் கேட்பேன், நீ நாள்காட்டியைப் பார்ப்பாய். மூன்று தீபாவளி பார்த்துவிட்டாய். கடைசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் விழுந்து போய்ச் சேர்ந்தாய். கோழைப் பயலே, சாவதற்கு மட்டும் உனக்கு எந்தப் பண்டிகையும் குறுக்கே வரவில்லை.

அந்த மூன்று வருடத்தில் எனக்கு என்ன நடந்தது என்று உனக்கு நன்றாகத் தெரியும். அட்டையில் இருந்தது என் கையெழுத்து. ஊர் பூராவும் அதைப் பேசியது. கடைக்கு வருகிறவர்கள் வாசலில் நின்றே, "பிரேக்க நீங்க பாப்பீங்களா, அவரு பாப்பாரா?" என்று கேட்டார்கள். நான் என்றால், "பரவால்ல, அவரு வரட்டும், வெயிட் பண்றேன்" என்றார்கள். கட்டைவிரலால் காற்றுப் பார்க்கிற உன்னிடம்! தேத்தண்ணிக் கடையில் ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணே, உங்க பிரேக் பிடிக்கலேன்னா லோங்காங் பிடிச்சுக்கும்" என்றான். மேசையே சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் பார்த்தேன்டா. உன் பல் தெரிந்தது.

நீ மட்டும் ஆப்பிளும் மைலோ டின்னும் தூக்கிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போவாய், வருவாய். "அக்கா எப்படி இருக்காங்க?" என்றால், "ம், இருக்காங்க" என்பாய். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றால், வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். பிறகு அவர் சுங்கை ரம்பாயில் தங்கை வீட்டுக்குக் குடிபோனார். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. நான் எதற்குப் போக வேண்டும்? போய்க் கும்பிட்டு நின்றால், தப்புச் செய்தவன் நான் என்று ஆகிவிடாதா? நீ சொல்வாய், அவரே கூப்பிட்டு அனுப்புவார் என்று காத்திருந்தேன்.

இன்றைக்கு இந்த எண்ணெய் நாற்றம் என் பொறுமையைத் தின்றுவிட்டது. நாளைக்குக் காலையில் சுங்கை ரம்பாய் போகிறேன். உன் பெயரைச் சொல்லப்போகிறேன், உன் நீல மூடி பாட்டிலைச் சொல்லப்போகிறேன். செத்தவனைப் பற்றித் தப்பாகப் பேசுகிறான் என்று ஊர் காறித் துப்பினாலும் சரி. எனக்கு என் பெயர் வேண்டும். முடிந்தால் வந்து தடுத்துப் பார்.

இதுவரை எழுதியது ஆயுத பூஜைக்கு மறுநாள். மேலே எதையும் அடிக்கவில்லை, அடிக்கவும் போவதில்லை. அது அன்றைய கோபம். இப்போது ஐந்து வாரம் கழிந்துவிட்டது, கோபம் இருக்கிறது, இருக்கிற இடம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது.

போனேன். தங்கை வீட்டு முன்வாசலில் அக்கா முறத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார், இடது கையால். வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "வா. பசியாறியாச்சா?" என்றார். அவ்வளவுதான், உட்காரச் சொல்லவில்லை. வழியெல்லாம் பாடம் பண்ணிக்கொண்டு வந்ததை நின்றபடியே கொட்டினேன். "அக்கா, அன்னிக்கு பிரேக் போனது என்னால இல்லக்கா. நான் பாத்தப்ப சரியா இருந்துச்சு. அவன்தான் பூஜைக்குன்னு டிஸ்க்ல தேங்கா எண்ணெய் தடவிட்டான். உங்ககிட்ட சொல்றேன்னு சொல்லிச் சொல்லியே செத்துட்டான்."

அவர் நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார். "தெரியும்" என்றார்.

"எப்பலேருந்துக்கா?"

"ஆபரேசன் முடிஞ்ச மறுநாளே வந்துட்டான். கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதான் பாரு, நர்சு வந்து தண்ணி குடுத்துச்சு. எனக்கு வலிக்கிறத விட்டுட்டு அவன நான் சமாதானப்படுத்த வேண்டியதாப் போச்சு."

மறுநாளே! மூன்று தீபாவளியும் மூன்று பொங்கலும் என்னிடம் கதை அளந்திருக்கிறாய். "அப்படின்னா எங்கிட்ட ஏன்க்கா நீங்க பேசல? ஊர்ல என்னைக் கேவலமாப் பேசினாங்களே, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போய்விட்டது. தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா முறத்தைக் கீழே வைத்தார். "எண்ணெய் தடவினவன் வந்தான். கையெழுத்துப் போட்டவன் வரலியே" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போறப்பவே லேசா வழுக்குச்சு. மெதுவா போனதால தெரியல. வீட்ல போய் எறங்கி ஒன் கார்ட எடுத்துப் பாத்தேன். பிரேக் சரின்னு எழுதி கையெழுத்துப் போட்டிருந்தே. சரி, புதுசா சர்வீஸ் பண்ணா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டுப் படுத்துட்டேன். அது வேற யாராச்சும் எழுதியிருந்தா, காலையில அந்தச் சரிவுல எறங்கியிருக்க மாட்டேன்லா."

திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், மாவு புளிக்கவில்லை என்று சொல்வதுபோல.

உன்னைக் கேட்டாராம், அவன் ஏன் வரவில்லை என்று. நீ சொன்னாயாம், "அவன் வருவான்க்கா, பாருங்க. நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா, அதான் நீ சொல்லிட்டியேன்னு வராமலே இருந்துடுவான்." என்னை இப்படி அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்து வைத்திருக்கிறாயே பாவி. நீ யாரடா என்னைச் சோதிக்க? இருபத்திரண்டு வரி அட்டையைக் கிண்டல் செய்தவன், ஒரே வரியில் என்னைச் சோதித்துவிட்டாய். அதில் நான் தேறவில்லை. மூன்று வருடம் நேரம் கொடுத்தும் தேறவில்லை.

இனி நான் எழுதப்போவதை முதலில் எழுதியபோது வேண்டுமென்றே தாண்டிப் போனேன். நீ கண்டுபிடித்திருப்பாய். பாசாரிலிருந்து பொரிப் பையோடு நான் திரும்பியபோது, குத்துவிளக்கு வெளிச்சத்தில் அக்கா வண்டியின் டிஸ்க் மின்னியது. பார்த்தேன். காலையில் மங்கலாக இருந்த தட்டு சாயங்காலம் எப்படி மின்னுகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் அப்பாவும் உன் அப்பாவும் ஆயுத பூஜைக்கு ரப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தியைத் தீட்டி, தேங்காய் எண்ணெய் தடவித்தானே படத்தின் முன்னால் வைத்தார்கள். துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது நாம் இரண்டு பேரும்தானே. உன் கை அந்தப் பழக்கத்தில் போனது என்றால், என் கண்ணும் அதே பழக்கத்தில்தான் இருந்தது. நான் நினைத்தது ஒன்றே ஒன்று: நல்லா இருக்கே. சாவி கொடுக்கும் முன்பு பத்து அடி ஓட்டிப் பார்ப்பது நான் போட்ட சட்டம். பூஜை போட்ட வண்டி, வேறு யாரும் ஓட்டக் கூடாது என்று நீ சொன்னதும் பேசாமல் சாவியை நீட்டினேன். காலையில் போட்ட கையெழுத்தைச் சாயங்காலம் கொடுத்தேன்.

அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. அக்காவிடம் சொன்னாய், சரி. ஊருக்குச் சொன்னாயா? தேத்தண்ணிக் கடையில் நீ சிரித்த சிரிப்புக்கு அக்காவால் என்ன சமாதானம் சொல்ல முடியும்? அது நம் இரண்டு பேருக்கும் இடையில் அப்படியே கிடக்கிறது. நீ உயிரோடு இருந்தால் இன்றைக்கும் ஒரு அறை விட்டிருப்பேன். நீ வாங்கிக்கொண்டு சிரித்திருப்பாய், அதற்கும் சேர்த்து இன்னொன்று.

அக்காவின் வண்டி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது. விழுந்த வண்டியை நம் கடையிலிருந்து எடுத்துப்போய் நீதான் நிமிர்த்திச் சக்கரத்தை நேராக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய், ஆனால் டிஸ்க்கின் பக்கம் நீ கை வைக்கவில்லை. பயந்திருப்பாய். எண்ணெய் காய்ந்து பழுப்புப் படலமாக ஒட்டியிருந்தது. "எடுத்துட்டுப் போய் செஞ்சு தரட்டுமாக்கா?" என்றேன். "செய். ஆனா நான் ஏறுவேன்னு சொல்லல" என்றார். வேனில் போட்டு ஜாசினுக்குக் கொண்டுவந்தேன். பேட் புதிது. பேட்டரி செத்திருந்தது, அதையும் மாற்றினேன். தட்டை ஸ்பிரிட் போட்டு, வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது.

கடையில் இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இரண்டையும் சொல்கிறேன். எண்ணெய் அவன் தடவினது, பாக்காமக் குடுத்தது நான். சிலர் நம்புகிறார்கள், சிலர் செத்தவன்மேல் பழி போடுகிறான் என்கிறார்கள். போகட்டும். அட்டையில் இருபத்து மூன்றாவது வரி ஒன்று சேர்த்திருக்கிறேன்: சாவி கொடுக்கும்போது, கொடுக்கிறவர் ஓட்டிப் பார்த்தது. கையெழுத்தும் அந்த வரிக்குப் பிறகுதான். அடுத்த பூஜைக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கப்போவது நான். சாமி கோபித்துக்கொண்டால் நீ பக்கத்தில்தானே இருக்கிறாய், பேசிக்கொள்.

தங்கச்சிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். சிரித்த முகம், தங்கமான மனசு எதையும் எழுதவில்லை. கேஜ் இருக்கும்போதே டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிற திமிர் பிடித்தவன் என்று எழுதினேன். படித்துவிட்டுத் தங்கச்சி சிரித்தது, அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. உன் கேஜ் இப்போதும் உறை பிரிக்காமல் டிராயரில் கிடக்கிறது. அந்த நீல மூடி பாட்டிலும் கிடக்கிறது, தூக்கி எறிய வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, அட்டையை நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. "மொதல்ல ஓட்டு. பிரேக் பிடிச்சுக் காட்டு" என்றார். ஓட்டினேன், நின்றது. "இன்னொரு தடவ." நின்றது. "கேரியர்ல தண்ணி வாளிய வெச்சுக்கிட்டு ஓட்டு." அரை வாளித் தண்ணீர் என் முதுகில் கொட்டியது, வண்டி நின்றது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் புது அட்டையை வாங்கி, இருபத்து மூன்று வரியையும் உதட்டை அசைத்துப் படித்து, இடது கையால் பர்சுக்குள் வைத்தார். அங்கே பழைய அட்டையும் இருப்பதைப் பார்த்துவிட்டேன். மடித்த இடம் கிழிந்து, என் கையெழுத்து மட்டும் தெரிகிற மாதிரி.

"அதக் குடுத்துடுங்கக்கா, கிழிச்சுப் போட்டுடறேன்" என்றேன்.

"நான் என்னிக்கு இதுல ஏறி அந்த ரோட்டு முனை வரைக்கும் போய் வரேனோ, அன்னிக்கு வாங்கிக்க" என்று பர்சை மூடினார்.

ஞாயிறுதோறும் போகிறேன். காற்று பார்க்கிறேன், கேஜ் வைத்து. தட்டை வெள்ளைத் துணியால் துடைத்து அவரிடம் காட்டுகிறேன். போன வாரம் வண்டியின் ஹேண்டிலை வலது கையால் பிடித்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். தேத்தண்ணி தருகிறார், நின்றுகொண்டே குடித்துவிட்டு வருகிறேன்.